பாலிடெக்னிக் செமஸ்டர்: வகுப்பு, ஒர்க்‌ஷாப், என்எஸ்எஸ், என்சிசி - ஜூனியர்கள் கேட்கும் கேள்விகள்

தென்மாவட்டப் பாலிடெக்னிக் ஒன்றில் மெக்கானிக்கல் டிப்ளமோ கடைசி வருடம் படிக்கிறேன். அட்மிஷன் நேரத்தில் உதவி மேஜையில் உட்கார வைத்தார்கள். பத்தாவது முடித்த பிள்ளைகளும் கூட வந்த பெற்றோரும் கேட்டது பெரும்பாலும் இந்தக் கேள்விகளைத்தான். சேர்ந்த பிறகு ஜூனியர்கள் கேட்டவற்றையும் இங்கேயே சேர்த்துவிட்டேன்.

ஒரு செமஸ்டர் என்பது உண்மையில் எவ்வளவு நாள்?

டிப்ளமோ மூன்று வருடம், ஆறு செமஸ்டர். ஒற்றைப்படை செமஸ்டர் ஜூன், ஜூலை வாக்கில் தொடங்கி அக்டோபர், நவம்பர் போர்டு எக்ஸாமோடு முடியும். இரட்டைப்படை செமஸ்டர் அதன் பிறகு தொடங்கி ஏப்ரல் எக்ஸாம் வரை. நான் பார்த்த பாடத்திட்டப் புத்தகத்தில் பதினாறு வாரம், வாரத்துக்கு 35 மணி நேரம் என்று போட்டிருந்தது.

காகிதத்தில் அப்படி. முதல் வருட மாணவர்களுக்கு அட்மிஷன் இழுத்துக்கொண்டே போகும். நடுவில் ஆயுத பூஜை, தீபாவளி, மழை விடுமுறை எல்லாம் வரும். அதனால் முதல் செமஸ்டர்தான் ஆறிலும் குட்டையானது. புது இடம் பழகுவதற்குள் மாடல் எக்ஸாம் வந்து நிற்கும். கேள்வித்தாள் கல்லூரியில் தயாராவது அல்ல. கிண்டியில் இருக்கும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்திலிருந்து மாநிலம் முழுக்க ஒரே தாள் வரும். "எங்க சார் இந்த யூனிட்டை நடத்தவே இல்லை" என்று சொல்லி எதுவும் ஆகாது.

பத்தாவது வரை தமிழ் மீடியம். வகுப்பு புரியுமா?

புரியும். பெரும்பாலான ஆசிரியர்கள் தமிழில்தான் விளக்குவார்கள், போர்டில் எழுதுவது மட்டும் ஆங்கிலமாக இருக்கும். சிக்கல் கேட்பதில் வராது, எழுதும்போதுதான் வரும். லேத் (கடைசல் இயந்திரம்) எப்படி ஓடுகிறது என்று வாயால் அழகாகச் சொல்லும் பையன், அதையே அரைப் பக்கம் எழுதச் சொன்னால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கப் பழகுங்கள். ஹெட் ஸ்டாக், டெயில் ஸ்டாக், கேரேஜ், லீட் ஸ்க்ரூ என்று குறித்துவிட்டால், அந்தப் பெயர்களைச் சுற்றி ஆளுக்கு ஒரு சின்ன வாக்கியம் எழுதினாலே பதில் ஆகிவிடும். நீளமான ஆங்கிலம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. கணக்குப் பாடத்தில் மொழிப் பிரச்சினையே இல்லை, ஆனால் அதிகப் பேருக்கு அரியர் (தேறாமல் மறுபடி எழுத வேண்டிய தாள்) விழுவதும் அதில்தான்.

டிராயிங் கஷ்டமா?

முதல் ஒரு மாதம் கஷ்டம். இந்தியாவில் முதல் கோண வீழல் முறையில்தான் வரைவோம். முன்தோற்றத்துக்குக் கீழே மேல்தோற்றம் வரும், வலப்பக்கத் தோற்றத்தை இடப்பக்கம் வரைய வேண்டும். கேட்கும்போதே தலை சுற்றும். பொருளுக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கிறது, நாம் இந்தப் பக்கம் நின்று பார்ப்பது அந்தச் சுவரில் விழுகிறது என்று வைத்துக்கொண்டால் தெளிந்துவிடும். எங்கள் ஆசிரியர் ஒரு சோப்பை வாங்கிவந்து, பிளேடால் படிப்படியாக வெட்டி, மேஜை மேல் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அன்றைக்குப் பிறகு வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் சோப்பு வெட்டினார்கள்.

துணைக்கோடுகளுக்கு 2ஹெச் பென்சில், எழுத்துக்கு ஹெச்பி. கை வியர்த்து ஷீட் அழுக்காவது எல்லோருக்கும் நடக்கும், ஒரு கைக்குட்டையை மணிக்கட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் என்னதான் செய்வோம்?

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாலிடெக்னிக்கை மற்ற கல்லூரிகளிலிருந்து பிரிப்பதே இந்த இடம்தான்.

முதலில் ஃபிட்டிங் ஷாப். கையில் ஒரு எம்எஸ் ஃபிளாட் துண்டு, அதாவது பட்டையான இரும்புத் துண்டு கொடுப்பார்கள். அதை பெஞ்ச் வைஸில் பிடித்து அரம் போட வேண்டும். முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்பி வரும்போது அழுத்தக் கூடாது. இந்த ஒரு விஷயம் பழகவே சில வகுப்புகள் ஆகும். பழகாதவன் அரம் போட்டால் துண்டின் நடுப்பகுதி மேடாகவும் ஓரங்கள் சரிவாகவும் போய்விடும். ட்ரை ஸ்கொயரை (செங்கோணம் பார்க்கும் கருவி) வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் இடுக்கில் ஒளிக்கீற்று தெரியும். அது தெரியாமல் போகும்வரை தேய்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு பக்கங்கள் செங்கோணமாக வந்த பிறகுதான் மார்க்கிங்.

துண்டின் மேல் சாக்பீஸ் தடவி, ஹைட் கேஜ் வைத்துக் கோடு கீறி, பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியால் புள்ளி தட்டி, பிறகு ஹேக்சா. பிளேடின் பல் முன்னோக்கி இருக்க வேண்டும். அவசரத்தில் திருப்பி மாட்டிவிட்டு "சார், அறுக்கவே மாட்டேங்குது" என்று போய் நிற்பவர் ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒருவர் இருப்பார். கோட்டின் மேலேயே அறுக்காதீர்கள். கொஞ்சம் தள்ளி அறுத்துவிட்டு மிச்சத்தை அரத்தால் எடுக்க வேண்டும். வி ஜாயின்ட் செய்யும்போது இரண்டு துண்டுகளும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி, இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தால் வரும் சந்தோஷம் எழுதிப் புரியவைக்கக் கூடியதல்ல.

அப்புறம் வெல்டிங், கார்பென்டரி, ஷீட் மெட்டல். இவற்றில் பாடத்திட்டத்தைப் பொறுத்துச் சில மாறும். மெக்கானிக்கல் பிரிவுக்கு அடுத்த வருடம் லேத் வரும்: ஃபேசிங், டர்னிங், டேப்பர் டர்னிங், நர்லிங். லேத் ஷாப்பில் ஒரே ஒரு விதியை எந்நேரமும் மனதில் வையுங்கள். சக் (துண்டைப் பிடித்துச் சுழலும் பாகம்) இறுக்கும் சாவியான சக் கீயைச் சக்கிலேயே விட்டுவிட்டு மெஷினை ஆன் செய்யக் கூடாது. சுழற்சியில் அது பறந்து வந்தால் யார் மேல் படும் என்று சொல்ல முடியாது. தொங்கும் ஐடி கார்டு, முழுக்கைச் சட்டை, கையில் கட்டிய சாமிக் கயிறு, விரித்த கூந்தல் எல்லாமே ஆபத்து. செருப்போடு வந்தால் உள்ளே விட மாட்டார்கள். அது கெடுபிடி அல்ல, சூடான இரும்புச் சுருள் காலில் விழுந்தால் தெரியும்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் ஒர்க்‌ஷாப்பைக் கழுவி, மெஷின்களைத் துடைத்து எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுப்பார்கள். வருடம் முழுக்க அதட்டும் இன்ஸ்ட்ரக்டர் அன்று மட்டும் சிரித்துப் பேசுவார். தவறவிடாதீர்கள்.

ரெக்கார்டு நோட்டுக்கு ஏன் இவ்வளவு பாடு?

லேப் வகுப்பில் அப்சர்வேஷன் நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, அதை ரெக்கார்டில் சுத்தமாக எழுதி, மறுபடியும் கையெழுத்து வாங்க வேண்டும். ஒவ்வொரு லேபுக்கும் தனி ரெக்கார்டு. கடைசியில் போனஃபைடு பக்கத்தில் துறைத் தலைவர் கையெழுத்து. அது இல்லாமல் பிராக்டிகல் எக்ஸாம் வாசலைக்கூட மிதிக்க முடியாது.

வாரா வாரம் எழுதினால் அரை மணி நேர வேலை. சேர்த்து வைத்தால் கடைசி வாரம் தூக்கம் போகும், எழுதுவதும் நண்பனுடையதைப் பார்த்து எழுதுவதாக இருக்கும், அவன் தப்பாக எழுதிய ரீடிங்கும் சேர்ந்து வரும். என்னைக் கேட்டால் செமஸ்டரின் தலைவிதியைத் தீர்மானிப்பது போர்டு எக்ஸாமுக்கு முந்தைய இரவு அல்ல, இந்த வாராந்திர அரை மணி நேரம்தான். நன்றாகப் படிப்பவர்கள் என்று பெயர் எடுத்தவர்களில் பாதிப் பேர் வேறொன்றும் செய்வதில்லை, ரெக்கார்டை அன்றன்றைக்கு முடித்துவிடுகிறார்கள்.

இன்டர்னல் மார்க் எப்படிப் போடுகிறார்கள்?

நீங்கள் எந்தப் பாடத்திட்டத்தில் சேர்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2020-ல் வந்த பாடத்திட்டத்தில் தியரிக்கு இன்டர்னல் 25, போர்டு 75. அந்த 25-ல் டெஸ்டுக்கு 10, அசைன்மென்ட், செமினார், வருகைப்பதிவு மூன்றுக்கும் தலா 5. 2023-ல் வந்த பாடத்திட்டம் இன்டர்னலின் பங்கைக் கூட்டியது. தியரியும் செய்முறையும் கலந்த பாடங்கள் வந்தன. க்ளப் செயல்பாடு, தொழிற்கூட அனுபவம், புதிய தொழில்நுட்பங்கள் குறித்த செமினார் போன்றவையும் கால அட்டவணைக்குள்ளேயே வந்துவிட்டன. நல்ல மாற்றம் என்பது என் கருத்து. ஆனால் சில இடங்களில் அந்தப் பீரியடில் கணக்கு நடத்திவிடுகிறார்கள்.

போட்டிக்குப் போனால் வருகைப்பதிவு என்ன ஆகும்?

ஓடி, அதாவது ஆன் டியூட்டி கிடைக்கும். போவதற்கு முன்பே விண்ணப்பம் எழுதி, க்ளப் பொறுப்பாசிரியர், வகுப்பு ஆலோசகர், ஹெச்ஓடி மூவரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். போய்விட்டு வந்து சான்றிதழைக் காட்டி ஓடி கேட்பது கெஞ்சல் வேலை. இன்னொன்றும் உண்டு. ஓடி கொடுத்தால் வருகைப்பதிவு சரியாகும், தவறிய லேப் சரியாகாது. அந்தப் பரிசோதனையை வேறு பேட்ச்சோடு சேர்ந்து செய்ய அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

என்எஸ்எஸ், என்சிசி, ஒய்ஆர்சி, டெக்னிக்கல் க்ளப் என்று நிறைய இருக்கிறது. எதில் சேரலாம்?

ஒன்றில் சேருங்கள். எல்லாவற்றிலும் பெயர் கொடுத்துவிட்டுக் குரூப் போட்டோவுக்கு மட்டும் வந்து நிற்பவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டது.

என்எஸ்எஸ் 1969-ல் காந்தி நூற்றாண்டின்போது தொடங்கியது. வருடத்துக்கு 120 மணி நேரம் சேவை, இரண்டு வருடத்தில் 240, கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம். இதெல்லாம் முடித்தால்தான் சான்றிதழ். முகாமில் தத்தெடுத்த கிராமத்துப் பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ தங்க வேண்டும். காலையில் சீமைக் கருவேலம் வெட்டுவது, வாய்க்கால் தூர் வாருவது, கோயில் சுற்றுப்புறம் சுத்தம் செய்வது. மதியம் கண் பரிசோதனை முகாமோ கால்நடை முகாமோ. மாலையில் ஊர் மக்களுக்குக் கலை நிகழ்ச்சி. எலக்ட்ரிக்கல் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எரியாத டியூப் லைட்டையும் சுற்றாத ஃபேனையும் சரிசெய்து கொடுத்தார்கள். கலை நிகழ்ச்சியைவிட ஊரில் அதுதான் பேசப்பட்டது. தொழில் படிக்கிற பிள்ளைகளை வைத்துக் குப்பை மட்டுமே அள்ளவைப்பது வீண் என்று எனக்குத் தோன்றும். மோட்டார் பம்ப், வயரிங், கேட் வெல்டிங் என்று கைவேலையை முகாமில் சேர்க்கச் சொல்லி உங்கள் திட்ட அலுவலரிடம் கேளுங்கள்.

என்சிசி வேறு ரகம். விடுமுறை நாளிலும் அதிகாலையில் பரேட் இருக்கும். பூட்ஸ் பாலிஷ், பெல்ட், பெரே தொப்பி, எல்லாம் மின்ன வேண்டும். பரேட் முடிந்து கொடுக்கும் டிபனுக்காகவே வருகிறார்கள் என்று கிண்டல் செய்வார்கள், அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. இரண்டு வருடம் முடித்தால் பி சான்றிதழ், மூன்றாம் வருடத்தில் சி சான்றிதழுக்குத் தேர்வு. பரேடுகளில் 75% வருகையும் ஆண்டுப் பயிற்சி முகாமும் வேண்டும். ராணுவ அதிகாரியாவதற்கு என்சிசி சிறப்பு நுழைவு என்று ஒரு வழி இருக்கிறது. அதற்கு சி சான்றிதழோடு பட்டப்படிப்பும் தேவை. டிப்ளமோ மட்டும் போதாது. இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன்.

ஒய்ஆர்சி, அதாவது இளைஞர் செஞ்சிலுவைச் சங்கத்தில் முதலுதவி கற்றுத் தருவார்கள். ஒர்க்‌ஷாப் உள்ள கல்லூரியில் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது இதில் இருக்க வேண்டும். செஞ்சுருள் சங்கம் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கானது, கூட்டங்கள் குறைவு.

கூச்சம் அதிகம் என்றால் என்எஸ்எஸ், உடம்பு வளைய வேண்டும் என்றால் என்சிசி, கை சும்மா இருக்காது என்றால் டெக்னிக்கல் க்ளப். அவ்வளவுதான் என் கணக்கு.

முதல் வருடத்திலேயே ரத்த தானம் செய்யலாமா?

முடியாது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், எடை குறைந்தது 45 கிலோ. பத்தாவது முடித்து நேராக வந்தவர்களுக்கு 18 நிரம்புவது பெரும்பாலும் மூன்றாம் வருடத்தில்தான். அதுவரை முகாமில் பதிவு எழுதலாம், கொடுத்தவர்களுக்கு ஜூஸ் தரலாம், மயக்கம் வருகிறதா என்று பக்கத்தில் இருந்து பார்க்கலாம். பிளஸ் டூ அல்லது ஐடிஐ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்த அண்ணன்கள்தான் இங்கே நாயகர்கள்.

டெக்னிக்கல் க்ளப்பில் ரோபோ எல்லாம் செய்ய நிறையப் பணம் ஆகுமா?

லைன் ஃபாலோயர், அதாவது கோட்டைப் பின்தொடர்ந்து ஓடும் குட்டி வண்டி செய்ய ஒரு ஆர்டுயினோ யூனோ, எல்298என் மோட்டார் டிரைவர், இரண்டு ஐஆர் சென்சார், இரண்டு பிஓ மோட்டார், சக்கரம், பேட்டரி போதும். நாலு பேர் பங்கு போட்டால் தாங்கும். போட்டி முடிந்ததும் கழற்றி அடுத்த பிராஜக்டுக்கு மாட்டலாம்.

பணத்தைவிடப் பெரிய தலைவலி வெளிச்சம். லேபில் கறுப்புக் கோட்டின் மேல் அழகாக ஓடும் வண்டி, போட்டி நடக்கும் ஆடிட்டோரியத்தில் ஜன்னல் வெயில் பட்ட இடத்தில் கோட்டை விட்டு வெளியே போய்விடும். சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு இருப்பதால் சென்சார் குழம்பிப்போகும். சென்சாருக்கு மேல் கறுப்பு அட்டையில் ஒரு மறைப்பு ஒட்டி, சென்சாரில் இருக்கும் குட்டித் திருகை அந்த இடத்திலேயே திருப்பிச் சரிசெய்தால் ஓடும். ஆகவே போட்டிக்குப் போகும்போது ஒரு சிறிய ஸ்க்ரூ டிரைவரும் இன்சுலேஷன் டேப்பும் பையில் இருக்கட்டும். கோடிங் புரிந்தவர் ஒருவர், சால்டரிங் கை நடுங்காமல் வைப்பவர் ஒருவர், நடுவர் கேட்டால் தயங்காமல் பேசுபவர் ஒருவர் என்று குழு அமைந்தால் நல்லது. நாலு பேரும் கோடிங் தெரிந்தவர்களாக இருந்தால் வண்டி நகராது.

மெக்கானிக்கலில் பெண் பிள்ளையைச் சேர்க்கலாமா? (ஒரு அம்மா கேட்டது)

தாராளமாகச் சேருங்கள், அம்மா. எங்கள் பேட்ச்சில் வெல்டிங் வரி ஒரே சீராகப் போடுவது ஒரு பெண்தான். காக்கி ஒர்க்‌ஷாப் உடுப்பு எல்லோருக்கும் ஒன்றே. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. டிப்ளமோவுக்கும் உண்டு. மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன். விண்ணப்பம் கல்லூரி வழியாகவே போகும். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு தயாராக இருக்கட்டும்.

அரியர் விழுந்தால் வருடம் போய்விடுமா?

போகாது. அடுத்த செமஸ்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டே அரியரை எழுதலாம். ஆனால் அரியர் கூடக் கூட, வழக்கமான தாளுக்கும் அரியருக்கும் நடுவில் படிக்க நாளே மிஞ்சாது. முதல் வருடக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு மூன்றாம் வருடத்தில் கேம்பஸ் இன்டர்வியூ வந்ததும் துடிப்பவர்கள் உண்டு. வருகிற கம்பெனிகள் பல, அரியர் இருப்பவர்களை உட்காரவே விடுவதில்லை.

பிராக்டிகல் எக்ஸாமில் எக்ஸ்டர்னல் என்ன கேட்பார்?

வேறு கல்லூரியிலிருந்து வருபவர். சீட்டு எடுத்து வரும் பரிசோதனையைச் செய்ய வேண்டும், பிறகு வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. நீங்கள் செய்ததிலிருந்தே கேட்பார்: "இந்த ரீடிங் ஏன் குறைந்தது?", "வெர்னியரில் லீஸ்ட் கவுன்ட் எவ்வளவு?" தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடலாம், கோபிக்க மாட்டார். ரீடிங்கை மனக்கணக்கில் உருவாக்கி எழுதினால் கண்டுபிடித்துவிடுவார். நிஜ ரீடிங் எப்போதும் கொஞ்சம் கோணலாகத்தான் வரும், கற்பனை ரீடிங் நேர்கோட்டில் வரும்.

மாலையில் வேலைக்குப் போகலாமா?

போகிறவர்கள் நிறைய. பைக் மெக்கானிக் கடை, எலக்ட்ரிக்கல் கடை என்றால் படிப்புக்கும் ஒத்து வரும். கேட்டரிங் வேலைக்கு இரவு முழுக்கப் போய்விட்டு மறுநாள் லேத் முன்னால் தூக்கக் கலக்கத்தோடு நிற்பது மட்டும் வேண்டாம்.

டிப்ளமோ முடித்ததும் வேலையா, பிஇ-யா?

வீட்டு நிலைமையைப் பொறுத்தது. பிஇ என்றால் லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டு. வேலை என்றால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோவை பக்கம் கேம்பஸிலேயே எடுப்பார்கள். நடுவில் ஒரு வழி, ஒரு வருட அப்ரென்டிஸ் பயிற்சி. தென்மண்டலத்துக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் தரமணியில் இருக்கிறது, பதிவு இணையத்திலேயே செய்யலாம். டிப்ளமோ முடித்த சூட்டோடு பதிவு செய்துவிடுங்கள். நேரடியாக வேலைக்குப் போவதைவிட இது தாழ்ந்தது என்று உறவினர்கள் சொல்வார்கள். பெரிய தொழிற்சாலைக்குள் கால் வைக்கப் பலருக்கு இதுதான் முதல் வாசல்.

முதல் நாளுக்கு என்னென்ன வாங்க வேண்டும்?

ஒரு நோட்டும் பேனாவும் போதும். மினி டிராஃப்டர், டிராயிங் போர்டு, சயின்டிஃபிக் கால்குலேட்டர் எதையும் அவசரப்பட்டுக் கடையில் வாங்காதீர்கள். கடைசி வருடத்தவர்கள் பாதி விலைக்குத் தருவார்கள், சிலர் சும்மாவே கொடுப்பார்கள். டிராஃப்டர் வாங்கும்போது மட்டும் ஸ்கேலைப் போர்டில் பொருத்தி மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். கோடு இணையாக வராவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஷூவும் ஒர்க்‌ஷாப் உடுப்பும் புதிதாகவே வாங்குங்கள். அரசு பாலிடெக்னிக் என்றால் இலவசப் பஸ் பாஸ் உண்டு. அதற்குப் பாஸ்போர்ட் அளவு போட்டோ கையில் இருக்கட்டும், அலுவலகத்தில் எதற்கெடுத்தாலும் அதைத்தான் கேட்பார்கள்.